விலை பேசுமுன் சோதனை
எல்லைப்புற ஆசிரியர்க்கு ஏற்ற பழைய மடிக்கணினி

விதை வாங்கும் உழவர் அதன் நிறத்தை மட்டும் நோக்கி விலை பேசுவதில்லை. ஒரு பிடி விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்து, நூற்றுக்கு எத்தனை முளைக்கின்றன என்று எண்ணிப் பார்த்த பின்னரே வயலில் இறக்குகின்றனர். பழைய மடிக்கணினி வாங்குவோருள் பலர் இம்முறையைக் கைக்கொள்வதில்லை. மூடியின் பளபளப்பையும் விற்பனையாளரின் உறுதிமொழியையும் நம்பிப் பணத்தைச் செலுத்திவிட்டு, வீட்டிற்குக் கொணர்ந்த பின்னரே தாம் கற்க விரும்பிய இயங்குதளம் அதில் இயங்குமா என்று ஆராய்கின்றனர். திறந்த மூல இயங்குதளத்தைக் கற்பதற்கென்றே கணினி வாங்குவோர்க்கு இது தலைகீழான முறையாகும். எந்த இயங்குதளத்தைக் கற்க வேண்டுமோ, அதனைக் கொண்டே கணினியைக் கடையில் சோதித்தல் வேண்டும். அச்சோதனைக்குரிய சிறு கருவி ஒவ்வொரு தமிழ்வழிப் பள்ளியிலும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டுமே இங்கு வலியுறுத்தப்படுகின்றன.

இக்கருத்து கேரளத்தின் எல்லைப்புறப் பள்ளிகளுக்குச் சிறப்பாகப் பொருந்தும். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழியே சீரமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அவை இன்று இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களிலும், பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை போன்ற ஊர்களிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் மிகுதி. அவர்தம் பிள்ளைகளுக்கெனத் தமிழ்வழிப் பள்ளிகள் நடைபெறுகின்றன.

கேரளப் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டது. 2001-இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் பெயரில் தொடங்கிய திட்டம், சில ஆண்டுகளில் க்னூ/லினக்ஸ் இயங்குதளத்தைப் பள்ளிகளுக்குரிய பொதுத்தளமாக ஏற்றுக்கொண்டது. 2017-இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்றது. 2018-இல் தொடங்கிய உயர்தொழில்நுட்பப் பள்ளித் திட்டத்தின்கீழ் 8 முதல் 12 வரையுள்ள வகுப்புகளைச் சேர்ந்த 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் படவீழ்த்தியும் வழங்கப்படலாயின. 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்களும் அவ்வாண்டிலேயே தோன்றின. உபுண்டு 22.04 பதிப்பின்மீது கைட் நிறுவனம் அமைத்துள்ள இயங்குதளத்தில் ஜியோஜீப்ரா, ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ் முதலிய பயன்பாடுகள் ஒருங்கே கிடைக்கின்றன. அதனை எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

ஆகவே இப்பகுதி ஆசிரியர் ஒருவர் லினக்ஸ் கற்க விழைவது பொழுதுபோக்கன்று. அது வகுப்பறைக்கான ஆயத்தமாகும். பள்ளியின் கணினியில் பாடவேளையில் மட்டும் பழகினால் தேர்ச்சி வாராது. மாலையில் வீட்டில் அமர்ந்து, பிழைசெய்து, அப்பிழையைத் திருத்திப் பழகுவதற்குத் தமக்கென ஒரு கணினி வேண்டும். புதியது வாங்குவதற்கு வருவாய் இடம்கொடாதவர் பழையதை நாடுகின்றனர்.

பழையதை நாடுவதற்கு இது தக்க காலமுமாகும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. அதற்கு அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, பெரும்பாலும் இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைச் செயலியையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கிறது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டுமென நிபந்தனை விதிக்கிறது. இதனால் நல்ல நிலையிலுள்ள ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றை அலுவலகங்கள் கழித்து வருகின்றன. லினக்ஸுக்கு இத்தகைய நிபந்தனை இல்லை. ஓர் இயங்குதளத்திற்குக் காலாவதியான இயந்திரம் மற்றோர் இயங்குதளத்திற்குப் பல்லாண்டு உழைக்கக்கூடும் என்பதை வாங்குவோர் உணர்தல் நலம்.

எனினும் பழையன யாவும் ஏற்புடையன என்று கொள்ளலாகாது. 32 பிட் செயலியுடைய கணினியை அறவே விலக்குதல் வேண்டும். உபுண்டு அத்தகைய கணினிகளைக் கைவிட்டுப் பல ஆண்டுகளாயின. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-ஆம் பதிப்பும் அவற்றுக்கான நிறுவுநிரலை நிறுத்திவிட்டது. உபுண்டு 22.04 பதிப்புக்கு 4 கிகாபைட் நினைவகமும் 25 கிகாபைட் வட்டு இடமும் வேண்டும். ஆயினும் இணைய உலாவியும் படம் வரையும் பயன்பாடும் ஒருசேர இயங்குவதற்கு 8 கிகாபைட் இருத்தலே தக்கது.

வீட்டு உபயோகத்திற்கென விற்கப்பட்ட அழகிய கணினிகளைக் காட்டிலும், அலுவலகங்களுக்கென ஆக்கப்பட்ட வகைகளே கற்போர்க்கு ஏற்றவை. லெனோவோவின் திங்க்பேட் 'டி' வரிசை, டெல்லின் லாட்டிடியூட், எச்.பி.யின் எலைட்புக் ஆகியன இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் பலவற்றை அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றித் திறந்து, நினைவகத்தையும் வட்டையும் மாற்றலாம். உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கும் கையேடுகளும் எளிதில் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டாக, 2018-இல் வெளிவந்த திங்க்பேட் டி480 கணினியில் நினைவகம் செருகும் துளைகள் இரண்டு உள்ளன. அதன் மின்கலங்களுள் ஒன்றைத் திருகாணி கழற்றாமலே வெளியே எடுக்கலாம். எட்டாம் தலைமுறையைச் சேர்ந்த மடிக்கணினிச் செயலிகளுள் ஐ5 வகை நான்கு கருக்களுடையது. ஏழாம் தலைமுறையின் சிக்கனவகை ஐ5 இரண்டு கருக்களே உடையது. விலை வேறுபாடு சிறிதாயின் எட்டாம் தலைமுறையைத் தெரிந்தெடுப்பது அறிவுடைமை.

மாறாக, நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட மெல்லிய கணினிகளில் கருத்து வேண்டும். 4 கிகாபைட்டுடன் வாங்கியது என்றும் 4 கிகாபைட்டாகவே நிற்கும். தனி வரைவியல் அட்டை பொருத்தியவற்றுக்கு வேறாக இயக்கி நிரல்கள் தேவைப்படலாம். கற்போர்க்கு அவ்வட்டை இன்றியமையாததன்று. வை-ஃபை அட்டையின் உற்பத்தியாளர் பெயரையும் கேட்டறிய வேண்டும். இன்டெல் அட்டைகள் பெரும்பாலும் உடனே இயங்குகின்றன. பிராட்காம் அட்டைகள் சிலவற்றுக்கு இயக்கி நிரலை இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அந்நிரல் இல்லாமலோ இணையத்தில் சேர இயலாது. மறையூரிலோ வண்டிப்பெரியாற்றிலோ தனித்திருக்கும் புதுக்கற்போர் ஒருவரை இவ்வொரு முட்டுக்கட்டையே மனம் தளரச் செய்துவிடும்.

இனிச் சோதனை முறையைக் காண்போம். 16 கிகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்றில் இயங்குதளத்தை முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். கோப்பை வெறுமனே நகலெடுத்தல் போதாது. அதற்கென உள்ள எழுதுநிரலைக் கொண்டே எழுத வேண்டும். கடையில் கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்கும்போது திங்க்பேட், டெல் ஆகியவற்றில் எஃப் 12 விசையையும், எச்.பி.யில் எஃப் 9 விசையையும் அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்னும் பட்டியல் தோன்றும். பென் டிரைவைத் தெரிந்து, நிறுவாமல் இயக்கிப் பார்க்கும் வழியை மட்டும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் வட்டிலுள்ளவற்றுக்கு யாதொரு மாற்றமும் நேராது. ஆதலின் விற்பனையாளர் மறுப்பதற்கும் காரணமில்லை. எந்நிலையிலும் இதற்கு இசையாத கடையை விட்டு நீங்குவதே உத்தமம்.

இயங்குதளம் தோன்றியபின் பின்வருவனவற்றை வரிசையாக ஆராய வேண்டும். வை-ஃபை பட்டியல் தெரிகிறதா? கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து இணைய முடிகிறதா? எழுத்துப்பலகையின் ஒவ்வொரு விசையும் எழுத்தைத் தருகிறதா? ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, ஒளிப்படக்கருவி ஆகியன இயங்குகின்றனவா? மூடியை ஐந்து நிமிடம் மூடித் திறந்தால் கணினி மீண்டும் விழிக்கிறதா? வெளித்திரையை இணைத்தால் காட்சி தோன்றுகிறதா? கடைசி வினா ஆசிரியர்க்கு மிகவும் முக்கியமானது. வகுப்பறையின் படவீழ்த்தியுடன் சேராத கணினியால் பாதிப் பயனே உண்டு.

மின்கலத்தின் நிலையை இயங்குதளமே தெரிவிக்கும். உபுண்டுவின் மின்திறன் புள்ளிவிவரப் பகுதியில், வடிவமைத்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுமையாக நிரம்பும் கொள்ளளவும் அருகருகே காணப்படும். முன்னது 50 வாட்-மணியாகவும் பின்னது 30 ஆகவும் இருப்பின், மின்கலத்தில் 60 விழுக்காடே எஞ்சியுள்ளது என்க. புதிய மின்கலத்தின் விலையைக் கணக்கிட்டு, கேட்கும் விலையில் அதனைக் குறைத்துப் பேசலாம். மழைக்காலத்தில் மின்தடை நேரும் மலைப்பகுதிகளில் இது சிறிய விஷயமன்று. அவ்வாறே ஜீப்பில் மேடுபள்ளங்களைக் கடந்து செல்லும் கணினிக்குச் சுழலும் வட்டு ஆகாது. அசையும் உறுப்பில்லாத எஸ்.எஸ்.டி. வட்டே தகும்.

தொழில்நுட்பத்தோடு நேர்மையும் சோதிக்கப்படல் வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்பில், அதாவது பயாஸில், முன்னாள் உரிமையாளரின் கடவுச்சொல் பூட்டியிருப்பின் அக்கணினியை வாங்கலாகாது. சில வகைகளில் அப்பூட்டை முறைப்படி நீக்கத் தாய்ப்பலகையையே மாற்ற நேரும். வரிசை எண் குறித்த ரசீது இன்றியும் வாங்கலாகாது. தமிழ்நாட்டில் 2011 முதல் மாணவர்களுக்கு அரசு விலையின்றி மடிக்கணினி வழங்கியது. அரசு முத்திரையுடன் கூடிய அத்தகைய கணினி எல்லை கடந்து விற்பனைக்கு வருமாயின், அது ஒரு மாணவரின் கல்விக்கெனக் கொடுக்கப்பட்ட பொருள் என்பதை எண்ணி ஆசிரியர் அதனைத் தவிர்ப்பதே முறை.

இவ்வளவு தொல்லை எதற்கு, குறைந்த விலையில் புதியதே வாங்கலாமே என்று வினவுவோர் உண்டு. உத்தரவாதம் உண்டு என்பதால் அவ்வினா பொருளற்றதன்று. ஆனால் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் புதிய கணினிகள் பலவற்றில் வலிமை குன்றிய செயலியும், மாற்றவியலாத நினைவகமும் வட்டுமே அமைந்துள்ளன. உத்தரவாதக் காலம் கழிந்தபின் அவற்றில் திருத்துவதற்கு ஏதுமில்லை. பிறர் கழித்த குப்பையை ஏழைப் பகுதிகளில் கொட்டுவதா என்று வினவுவோரும் உளர். சோதனையின்றி வாங்குமிடத்து அவ்வச்சம் மெய்யாகலாம். சோதித்து வாங்குமிடத்து நிலைமை வேறு. மடிக்கணினியின் வாழ்நாளில் வெளியாகும் கரிம வாயுவில் பெரும்பகுதி அதனை உற்பத்தி செய்கையிலேயே வெளியாவதால், உழைக்கக்கூடிய இயந்திரத்தை மேலும் ஐந்தாண்டு உழைப்பிப்பது சுற்றுச்சூழலுக்கும் நன்மையே.

தமிழ்வழி ஆசிரியர்க்கு மற்றொரு நன்மையும் உண்டு. பாடநூலைத் தமிழில் படிக்கும் மாணவர் திரையில் வேற்றுமொழிச் சொற்களையே காணும் நிலை இடர்ப்பாடானது. க்னோம் திரைச்சூழலுக்கும் லிப்ரே ஆபீஸுக்கும் தன்னார்வலர்கள் செய்த தமிழாக்கம் உண்டு. முழுமை பெறாவிடினும் பயன்படத்தக்கது. 1999-இல் தமிழ்நாட்டரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் லினக்ஸில் இடம்பெற்றுள்ளது. சோதனையின்போதே அதனைத் தெரிந்து, தமிழில் நான்கு வரி எழுதிப் பார்த்தல் நன்று. மொழிபெயர்ப்பில் குறை கண்டால் அதனைத் திருத்தி அனுப்பும் உரிமையும் ஆசிரியர்க்கு உண்டு; திறந்த மூலம் என்பதன் பொருள் அதுவே.

பொருத்தமற்ற கணினியால் விளையும் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. வை-ஃபை இயங்காமலும் ஒலி வாராமலும் பலநாள் அல்லலுற்ற ஆசிரியர், குற்றம் கணினியினுடையது என்று அறியாமல், லினக்ஸே கடினமானது என்னும் முடிவுக்கு வருகின்றார். அவர் ஐயத்தோடு கற்பிப்பதை மாணவர் அச்சத்தோடு கற்கின்றனர். தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு வேறு கணினியும் இல்லை, வேறு ஆசிரியரும் இல்லை.

இதனைத் தவிர்க்கும் செலவு மிகச் சிறிது. ஒவ்வொரு தமிழ்வழிப் பள்ளியும் சோதனைக்குரிய பென் டிரைவ் இரண்டை ஆயத்தம் செய்து, மேலே கூறிய வினாக்களைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளுடன் தலைமையாசிரியர் அறையில் வைத்தல் வேண்டும். வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்கும், போடிமெட்டு வழியாகத் தேனிப் பகுதிக்கும் கணினி வாங்கச் செல்லும் ஆசிரியரும் பெற்றோரும் அதனை இரவல் பெற்றுச் செல்லலாம். அதனை ஆயத்தம் செய்யும் பொறுப்பை லிட்டில் கைட்ஸ் மாணவரிடமே ஒப்படைக்கலாம். அவர்க்கு அது சிறந்த செய்முறைப் பாடமாகும். பள்ளிகளைப் பார்வையிடும் களப்பணியாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அதில் புதிய பதிப்பை எழுதித் தருதலும், அடுத்து வாங்குவோர்க்கு உதவும்பொருட்டு எந்த வகைக் கணினி எவ்வாறு இயங்கியது என்பதை ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்வித்தலும் வேண்டும். இக்கல்வியாண்டிலேயே இதனைத் தொடங்குவதற்குத் தனி ஆணையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.