பானெட்டுக்கு விபூதி

எங்கள் வீட்டில் இரண்டு பழசுகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் கார். இன்னொன்று, அதை 1975-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய என் அப்பா. (தைரியமாக எழுதுகிறேன். இதைப் படிக்க அவருக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை எங்கே வைத்தார் என்று காலையிலிருந்து தேடிக் கொண்டிருக்கிறார்!)

அப்பாவுக்கு வயசு 82. காது மந்தம். 'காபி வேணுமா?' என்று மூன்று தடவை கத்தினால், 'கோபிக்கு என்ன ஆச்சு?' என்பார். அதனால் நாளடைவில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பையனை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்பது வரை நாங்களே முடிவெடுத்துவிட்டு அவருக்குத் தகவல் சொல்வோம். சில சமயம் அதையும் மறந்து விடுவோம்.

இந்த நிலையில்தான் கார் 'கடகட'வென்று பேச ஆரம்பித்தது. ஒருநாள் ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். "சார், தகர டப்பாவில பட்டாணி போட்டுக் குலுக்கிக்கிட்டே வர்றீங்களா?" என்றான் பக்கத்து சீட்காரன். மானம் போனது.

பானெட் லூஸ்! மற்ற கார்களில் பானெட் என்பது ஒரு மூடி. ஹெரால்டில் அது பாதி கார். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து மொத்த முன்பக்கமும் முன்னால் கவிழும். மிக்கெலாட்டி என்ற இத்தாலிக்காரர் போட்ட டிசைன். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, 1961-ல் சென்னைக்கு வந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆனது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர அந்தக் காலத்தில் அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கி விட்டார்கள். ஆக, லூஸாவதற்கு இடம் ஏராளம்!

முதலில் சைக்கிள் டியூபை வெட்டிச் சொருகினேன். சத்தம் போகவில்லை. பானெட்டின் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் லாக்கை ஒரு மெக்கானிக் பலம் கொண்ட மட்டும் முறுக்கினார். பெயிண்ட் உதிர்ந்தது, சத்தம் உதிரவில்லை. "வெல்டிங் வெச்சுரலாம் சார்" என்றார். அப்புறம் ஆயில் ஊற்றுவது எப்படி என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். கடைசியில் கயிற்றால் கட்டிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை ஸ்டார்ட் செய்தேன்.

"வலது பக்கம்."

திரும்பிப் பார்த்தேன். வராந்தா ஈஸி சேரிலிருந்து அப்பா!

"சத்தம் வலது பக்கத்துலேர்ந்து வருது. கயித்தைக் கீழே போடு."

காபி கேட்காத காதுக்குப் பானெட் கேட்கிறது! எழுந்து வந்தார். கைத்தடியை மறந்து விட்டு வந்தார்.

"எஞ்சின் ஓடட்டும். அங்கே கையை வெச்சு அமுக்கு." அமுக்கினேன். சத்தம் நின்றது. எடுத்தேன். கடகட.

"ஆஃப் பண்ணு. கொஞ்சம் விபூதி கொண்டா."

என் மனைவி பக்தியோடு கற்பூரமும் சேர்த்துக் கொண்டு வந்தாள். அப்பா பானெட்டைத் தூக்கச் சொன்னார். மூடும்போது பானெட் வந்து உட்காருவதற்காக இரண்டு பக்கமும் கூம்பு மாதிரி ரப்பர் உண்டு. அந்த இரண்டிலும் விபூதியைப் பூசினார். மூடி, லாக் போட்டு, திறந்தோம். இடது பக்கம் பானெட்டின் உள்ளே வெள்ளையாக அச்சு. வலது பக்கம் ஒன்றுமில்லை!

"பார்த்தியா? இந்தப் பக்கம் உட்காரவே இல்லை. அந்தரத்துல நிக்குது. அதை நீ இழுத்துக் கட்டினா தகடுதான் கோணும்."

மறுநாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு. புதுப்பேட்டையில் இரண்டு ரப்பர் தேடிப் பிடித்தேன். (பழசு கொட்டைப்பாக்கு மாதிரி இறுகிப் போயிருந்தது. ஒன்றுதான் போச்சு என்றாலும் ஜோடியாக மாற்றவேண்டுமாம்.) அப்பா வரிசை சொன்னார். முதலில் முன்னால் இருக்கும் கீல் போல்ட்களைக் கழற்றாமல், லேசாகத் தளர்த்தி, பானெட்டை நகர்த்தி இரண்டு பக்க இடைவெளியையும் சமமாக்க வேண்டும். அதற்கப்புறம் ரப்பர். வலது பக்கத்துக்கு அடியில் ஒரு வாஷர் கொடுத்து உயர்த்தியதும் அங்கேயும் விபூதி ஒட்டியது. லாக் கடைசியில்தான். "ஒத்தைக் கையால போடணும். பலம் தேவைப்பட்டா எங்கேயோ தப்பு."

"ஓடும்போது திறந்துக்கிட்டா?" என்றேன் காதருகே.

"கத்தாதே. இதுக்குக் கீல் முன்னாடி. எதிர்க்காத்து அமுக்கத்தான் பார்க்கும். அம்பாஸடர்ல கீல் பின்னாடி. லாக் விட்டா காத்து தூக்கிக் கண்ணாடில அடிக்கும். அதுக்காக நீ லாக் போடாமப் போயிடாதே!"

ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மூணு மாசமா அல்லாடறேனேப்பா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேட்கலையே."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கையிலிருந்த கிரீஸை வேஷ்டியில் துடைத்துக் கொண்டார். நான்தான் ஸ்பானரை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

சாயங்காலம் அவரை முன் சீட்டில் உட்கார வைத்து பீச்சுக்குப் போனோம். கார் பூனை மாதிரி போனது. விவேகானந்தர் இல்லம் தாண்டியதும் அப்பா தலையைச் சாய்த்தார்.

"பின் கதவுல ஒரு சத்தம் வருது."

சத்தியமாக எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டினேன்.

"என்ன பண்ணலாம்ப்பா?" என்று கேட்டேன்.