அகஸ்தீஸ்வரத்துக்காரர் யார் கணக்கில்?

கேரள அரசு சினிமாவுக்குத் தரும் மிகப் பெரிய விருது எது தெரியுமா? ஜே.சி.டேனியல் விருது. மலையாள சினிமாவின் தந்தை என்று பட்டம் வேறு. சரி, அந்தத் தந்தைக்கு எந்த ஊர்? கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிற அகஸ்தீஸ்வரம்! நாகர்கோவிலில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேருக்குத் தெரிகிறது என்று.

களரி தெரிந்த மனுஷன். சொத்தை விற்று 1926-ல் திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். 'விகதகுமாரன்' படத்துக்குக் கதை, இயக்கம், ஒளிப்பதிவு எல்லாம் அவரே, கதாநாயகனும் அவரே. மற்றவர்கள் புராணக் கதைகளைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு பையனின் கதையைப் படமெடுத்தார்.

பலன்? தலித் பெண்ணான பி.கே.ரோஸி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்க முடியாதவர்கள் கேபிடல் தியேட்டரில் திரையின் மேல் கல்லெறிந்தார்கள். ரோஸி ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று. டேனியல் ஸ்டுடியோவை மூடினார், கேமராவை விற்றார். பிறகு பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தார்.

1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் டேனியலுக்கு அது வேறு மாதிரி விடிந்தது. நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. கேரளா சொன்ன காரணம், அவர் தமிழ்நாட்டுக்காரராம்! இந்தப் பக்கமோ, அவர் எடுத்தது மலையாளப் படம்தானே என்று இருந்துவிட்டார்கள்.

இங்கேதான் கேட்க வேண்டியிருக்கிறது. விகதகுமாரன் ஊமைப் படம். நடிகர்கள் பேசியது யார் காதிலும் விழாத படத்துக்கு என்ன மலையாளம், என்ன தமிழ்? அது திருவிதாங்கூரின் படம். அன்றைக்கு நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர்தான்.

ஒரே ஒரு படம், அதுவும் நஷ்டம், இதற்கா இவ்வளவு என்பார்கள் சிலர். லாபத்தை வைத்து முன்னோடியை அளந்தால் முதலில் கிணறு வெட்டியவன் எல்லோரும் முட்டாள்தான். தண்ணீர் குடிப்பவர்கள் அதைச் சொல்லக் கூடாது.

1975-ல் டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். அவர் பெயரில் விருது வந்தது 1992-ல். பதினேழு வருஷம் லேட்! கேரளா தாமதமாகவாவது கடனை ஒப்புக்கொண்டது. 2013-ல் 'செல்லுலாய்ட்' என்று அவர் கதையைப் படமாகவும் எடுத்தார்கள். சொந்த ஊர்க்காரர்கள் கணக்கில் இன்னும் அந்தப் பெயரே ஏறவில்லை. குமரி மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மனுஷனின் கதையைச் சொல்ல எந்த அரசாணையும் தேவையில்லை. ஒரு வாத்தியார் மனசு வைத்தால் போதும்.