அந்தப் படங்களை என்ன செய்தான்?

கடந்த விடுமுறைக்குச் செஞ்சியில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பகல் முழுக்கக் கோட்டையில் ராஜகிரி ஏறி இறங்கியதில் கால் இரண்டும் கெஞ்சின. இரவு, கல்லூரியில் படிக்கும் அந்த வீட்டுப் பெண் டி.வி.யில் 'ரோமன் ஹாலிடே' போட்டாள். 1953-ல் வந்த ஹாலிவுட் படம். "கறுப்பு வெள்ளையா?" என்று சலித்துக்கொண்ட அவளுடைய ஆயா, பத்தே நிமிடத்தில் நாற்காலியை டி.வி. பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கதை சின்னது. அரசுமுறைப் பயணமாக ரோம் நகருக்கு வந்த இளவரசி, கை குலுக்கிக் குலுக்கியே அலுத்துப்போய், ஓர் இரவு யாருக்கும் தெரியாமல் வெளியேறிவிடுகிறாள். அவளைச் சந்திக்கும் அமெரிக்கப் பத்திரிகையாளன், அவள் யாரென்று புரிந்ததும் தெரியாதவன்போல் நடித்து ஊர் சுற்றிக் காட்டுகிறான். அவள் கதையை எழுதிக் கொடுத்தால் 5,000 டாலர் கிடைக்கும். கூடவே வரும் நண்பன், சிகரெட் லைட்டருக்குள் ஒளித்து வைத்த கேமராவால் அவளுக்குத் தெரியாமல் படம் எடுத்துத் தள்ளுகிறான்.

முடியை வெட்டிக்கொள்வது, படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுவது, வெஸ்பாவில் சுற்றுவது. இளவரசிக்கு இவைதான் பெரிய ஆசைகள்! ஆட்ரி ஹெப்பர்னின் முகத்தில் தெரியும் அந்தச் சந்தோஷத்துக்குத்தான் ஆஸ்கர் கிடைத்தது. புதுமுகம் போன்ற அவருக்கு, தன் பெயருக்குச் சமமாகப் பெயர் போடச் சொன்னவர் நாயகன் கிரிகரி பெக். பொய் சொன்னால் கையைக் கடிக்கும் என்று சொல்லப்படும் கல் முகத்துக்குள் கைவிட்டு, கை போய்விட்டதுபோல் அவர் காட்டும் காட்சியில், ஹெப்பர்னின் அலறல் நிஜம். சட்டைக் கைக்குள் கையை மறைப்பார் என்று அவரிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லையாம்.

நம் ஊரிலும் 1994-ல் வினீத், சோனாலி குல்கர்னி நடித்த 'மே மாதம்' இதே கதையின் சாயலில் வந்ததுதான். ஆனால் 'ரோமன் ஹாலிடே'யில் கல்யாணம் இல்லை. இளவரசி கடமைக்குத் திரும்பிவிடுகிறாள். பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, ஆயா கேட்டார்: "அதெல்லாம் கிடக்கட்டும் பாப்பா. அந்த போட்டோவையெல்லாம் என்ன பண்ணான்?"

படத்தின் உயிரே அந்தக் கேள்வியில் இருக்கிறது. மறுநாள் பத்திரிகையாளர் கூட்டத்தில், ரோம் நகரத்தின் நினைவுப் பரிசு என்று ஓர் உறையை இளவரசியிடம் நீட்டுகிறான் நண்பன். உள்ளே அத்தனை படங்களும்! காதலன் செய்தியும் எழுதவில்லை. அவன் 'காதலிக்கிறேன்' என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதை இந்தச் செயல் சொல்லிவிடுகிறது.

எனக்குக் காலையில் கோட்டையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. கல்யாண மகால் பக்கம் நிழலில் ஓர் இளம் ஜோடி பேசிக்கொண்டிருந்தது. தள்ளி நின்ற இரண்டு பையன்கள் அவர்களை செல்போனில் வீடியோ எடுத்துச் சிரித்தார்கள். அந்த இருவரும் காதலர்களா, புதிதாகக் கல்யாணம் ஆனவர்களா, அண்ணன் தங்கையா, யாருக்குத் தெரியும்? அந்த வீடியோ ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் விழுந்தால் போதும். ஒரு பெண்ணின் படிப்பு அன்றோடு நின்றுபோகலாம்.

அதைச் சொன்னதும் ஆயா, "அந்தக் காலத்துல கேமராவை ஒளிச்சு வெச்சு எடுத்தான். இப்ப எதுக்கு ஒளிக்கணும்?" என்றார்.

பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள் இந்தப் படத்தை. முடிந்ததும் இரண்டு விஷயம் பேசுங்கள். நம்பி அனுப்பிய படம், நட்போ காதலோ முறிந்த பிறகும் அனுப்பியவருக்கே சொந்தம், அழித்துவிடுவதுதான் மரியாதை. இன்னொன்று பெற்றோருக்கு. யாராவது படத்தைக் காட்டி மிரட்டுகிறார்கள் என்று மகள் வந்து நின்றால், "நீ ஏன் அங்கே போனே?" என்று ஆரம்பிக்காதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் தரலாம். அதற்கெல்லாம் முன்னால் அவள் தேடி வருவது உங்களைத்தான்.