கம்பைலருக்கு ஜோசியம் தெரியாது, நமக்கும்தான்!

போன வாரம் லேப் வைவாவில் எனக்கு விழுந்த கேள்வி: "லூப் வேரியபிளுக்கு முன்னால் ஏன் 'ரெஜிஸ்டர்' போடவில்லை? வேகமாக ஓடுமே?" ஆப்டிமைசேஷனோடு கம்பைல் செய்தால் இன்றைய கம்பைலர்கள் அந்த வார்த்தையைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, சி++17-இல் அதைத் தூக்கியே விட்டார்கள். சொன்னேன். மார்க் போனது போனதுதான்.

மார்க்கை விடுங்கள். என் கோபம் வேறு. வேகத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, "அளந்து பார்த்தாயா?" என்று ஒருத்தராவது கேட்கிறோமா?

நான் மட்டும் என்ன யோக்கியமா? வார்த்தைகளை எண்ணும் ஒரு ப்ரோகிராமுக்காக இரண்டு ராத்திரி உட்கார்ந்து சார்ட்டிங்கை மாற்றி எழுதினேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு ஜிப்ராஃப் ஓட்டினால், நேரம் முழுவதையும் தின்றது வார்த்தையைத் தேடும் குட்டி ஃபங்ஷன்! டெஸ்ட் எடுக்காமல் ஊசி போட்ட டாக்டர் கதைதான்.

கம்பைலரின் நிலைமையும் இதேதான். ஒரு 'இஃப்' எந்தப் பக்கம் அதிகம் போகும் என்று கோடை மட்டும் பார்த்து அதனால் எப்படிச் சொல்ல முடியும்? சில பொது விதிகளை வைத்து ஊகிக்கிறது. எல்லா ஃபங்ஷனையும் இன்லைன் செய்தால் கோடு வீங்கி கேஷில் இடம் போதாது. எதைச் செய்வது, எதை விடுவது என்று சொல்ல, ஓடிப் பார்த்த அனுபவம் வேண்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஒரு ப்ரோகிராமின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே பொதுவாகப் பாதிக்கு மேல் நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்று 1971-லேயே ஃபோர்ட்ரான் ப்ரோகிராம்களை ஆராய்ந்து டொனால்ட் க்னூத் எழுதிவிட்டார்.

ஜிசிசி-யில் வழி சுலபம். முதல் கம்பைலில் கோடுக்குள் கவுன்ட்டர்கள் வைக்கச் சொல்லுங்கள். நிஜமான இன்புட் கொடுத்து ஓட்டுங்கள். கிடைத்த கணக்கைக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். அடிக்கடி ஓடும் பாதை நேராக வரும், அபூர்வமாக ஓடுவது ஓரமாகப் போகும். ஜாவாவின் ஹாட்ஸ்பாட் இதை ஓடும்போதே செய்கிறது. ஊகம் பொய்த்தால் பின்வாங்கி இன்டர்ப்ரெட்டருக்கே திரும்பிவிடும். 2023-இல் வந்த கோ 1.21-இல் ஒரு ப்ரொஃபைல் ஃபைலை வைத்தாலே 2 முதல் 7 சதவீதம் வேகம் கூடும் என்கிறார்கள் அதைச் செய்தவர்கள்.

"தப்பான இன்புட் கொடுத்தால்?" தப்பான பதில்தான் வரும், ஒப்புக்கொள்கிறேன். பபிள் சார்ட்டை இது குயிக் சார்ட்டாக மாற்றாது, அதுவும் சரி. அதற்காக ஒன்றுமே அளக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பது மேலா?

கான்ஸ்டன்ட் ஃபோல்டிங்கையும் டெட் கோடையும் பக்கம் பக்கமாகப் பரீட்சையில் எழுதுகிறோம். ப்ரொஃபைலுக்கு ஒரு லேப் வகுப்பு, ஒரே ஒன்று, கிடையாதா?

என்னைத் திட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டுங்கள் மக்களே. ஆனால் அளந்துவிட்டு வந்து திட்டுங்கள்.