பௌர்ணமிக்கும் சுனாமிக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

என் ஓரகத்தி குழந்தைகளை மெரீனாவுக்குக் கூட்டிப் போகுமுன் காலண்டரைப் பார்ப்பாள். பௌர்ணமி, அமாவாசை என்றால் கடற்கரை கிடையாது. "2004ல் சுனாமி வந்தது மார்கழிப் பௌர்ணமியன்றுதானே அக்கா?" என்பாள்.

அன்று பௌர்ணமி என்பது வாஸ்தவம்தான். ஆனால் 2011 மார்ச் 11ஆம் தேதி ஜப்பானில் ஊர் ஊராக வாரிக்கொண்டு போனதே, அன்று வானத்தில் இருந்தது வளர்பிறை அரை நிலா. பௌர்ணமியன்று பயப்படுவதில் நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை. மற்ற நாளில் பயமே வேண்டாம் என்று நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் ஆபத்து.

சந்திரன் செய்வது வேறு வேலை. அமாவாசை, பௌர்ணமியில் சூரியனும் பூமியும் சந்திரனும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கின்றன. இரண்டு பேருடைய இழுப்பும் சேர்வதால் கடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் ஏறி, அதிகம் இறங்கும். ஏற ஆறு மணி நேரம், இறங்க ஆறு மணி நேரம் என்று நிதானமாக. சென்னைப் பக்கம் அந்த வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான்.

சுனாமியோ அடியிலிருந்து கிளம்புவது. பூமியின் மேலோடு ஒரே துண்டு இல்லை. காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிந்து, பிளந்து பிளந்து நிற்குமே, அந்த மாதிரி பல பாளங்கள். வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர், நம் நகம் வளருகிற வேகத்தில் நகர்கின்றன. நம் பக்கத்துப் பாளம் சுமத்ரா, அந்தமான் அருகே இன்னொரு பாளத்தின் அடியில் நுழைகிறது. வழுக்கிக்கொண்டு போனால் தொல்லையில்லை. சிக்கிக்கொள்கிறது! சிக்கியபடியே மேல்பாளத்தின் விளிம்பையும் கீழே இழுத்து வளைக்கிறது. பிள்ளைகள் பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்துப் பிடித்துச் சட்டென்று விடுவார்களே, அப்படி 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு அந்த விளிம்பு நிமிர்ந்தது. சுமார் 1,200 கிலோமீட்டர் நீளத்துக்கு! மேலிருந்த கடல் அப்படியே தூக்கப்பட்டு, ஜெட் விமான வேகத்தில் ஓடி, இரண்டரை மணி நேரம் போல ஆனதும் நம் கரையில் ஏறியது.

இரண்டரை மணி நேரம் இருந்தும் நாகப்பட்டினத்துக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. பெரிய அலை வரவில்லை. அந்தத் தடவை பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தன, கடல்தரை அவ்வளவாக உயரவில்லை. "அன்று சும்மா பயமுறுத்தினார்களே" என்று அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யக்கூடாது.

தாய்லாந்தில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துச் சிறுமி, கடல் நுரைத்துக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்ததும், இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் கேட்டதை ஞாபகம் வைத்துக் கத்தினாள். அந்தக் கடற்கரையே காலியாகித் தப்பியது.

அங்கே கடல் முதலில் உள்வாங்கியது. எல்லாக் கரையிலும் அப்படி நடக்கும் என்பதில்லை; நீர் நேரே ஏறியும் வரலாம். கரையில் நிற்கும்போது நிலம் பலமாக ஆடினாலோ, சில நிமிஷத்துக்குள் கடல் உள்ளே போய்த் தரை தெரிந்தாலோ, சங்கு பொறுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். மேட்டுக்கோ, உறுதியான கட்டிடத்தின் மாடிக்கோ ஓடுங்கள். ஒரு அலையோடு முடியாது. இரண்டாவதோ மூன்றாவதோ இன்னும் பெரிதாக வரலாம். செருப்பை விட்டுவிட்டேன், பையை விட்டுவிட்டேன் என்று யாரையும் திரும்பிப் போக விடாதீர்கள்.