‘அவனே தேடிக்கொண்டது’ என்று சொல்வதற்கு முன்

நம் பையன் ஒருவன் கைதாகிவிட்டான் என்ற செய்தி வந்ததும் அக்கம்பக்கத்தில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். “அவனே தேடிக்கொண்டது, அனுபவிக்கட்டும்” என்பது ஒன்று. “அவன் என்ன செய்வான், சேர்க்கை சரியில்லை” என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைதான். ஆனால் பிள்ளையைப் பார்க்கக் காஜாங் சிறைச்சாலைக்கு வந்து போகும் தாய்மார்களுக்குப் பாதி உண்மை போதாது.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் இருப்பதாகச் சொல்லப்பட்ட சுமார் 40,000 பேரில் 70 விழுக்காட்டினருக்கும் மேல் இந்தியர்கள். நாட்டின் மக்கள்தொகையிலோ நாம் ஏழு விழுக்காடு அளவுதான். ஒவ்வொருவனும் தனித்தனியாக யோசித்து, சுயமாக முடிவெடுத்துத்தான் கும்பலில் சேர்ந்தான் என்றால், அந்த முடிவு ஏன் ஒரே சமூகத்தில் இவ்வளவு குவிந்தது? நம் இரத்தத்திலேயே குற்றம் ஓடுகிறது என்று நீங்கள் நம்புகிறீர்களா?

காரணத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டாம். காஜாங்கிற்குப் பக்கத்திலேயே இருக்கிறது புத்ராஜெயா. அது எழும்பிய இடத்தில் பிராங் புசார், மேடிங்லி, செட்ஜ்லி, கேலவே தோட்டங்கள் இருந்தன. 1990களில் அந்த நிலம் நிர்வாகத் தலைநகரத்துக்காக எடுக்கப்பட்டது. தோட்டத்தை உழைத்து உருவாக்கிய குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பிறகு அந்தக் கட்டடங்களில் விரிசல் கண்டது. தரை வீடு கேட்டு மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள்.

தோட்டம் சொர்க்கமல்ல. கள்ளுக்கடையும் கடனும் அங்கேயும் இருந்தன. ஆனால் லயத்து வீட்டில் பெற்றோர் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பாட்டி இருந்தார். பள்ளி, கோயில், திடல் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. அடுக்குமாடிக்கு வந்தபின் தந்தை ஒரு ஷிப்ட், தாய் இன்னொரு ஷிப்ட். தமிழ்ப்பள்ளி முடித்து, மலாய் சரியாக வராமல் புகுமுக வகுப்பில் பின்வரிசையில் உட்காரும் பதின்மூன்று வயதுப் பையனை “தம்பி, சாப்பிட்டியா?” என்று முதலில் கேட்பவன் கும்பல்காரனாக இருந்தால், அவன் யார் பின்னால் போவான்?

அப்படியானால் எல்லாம் சூழ்நிலைதானா? இல்லை. அதே மாடியில், அதே பள்ளியில் படித்த இன்னொரு பையன் கைத்தொழில் கற்று முன்னேறியிருக்கிறான். பாராங் தூக்கியவனால் வெட்டுப்பட்டவனும் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைதான். அந்தத் தாயிடம் போய் “சூழ்நிலை” என்று சொல்ல முடியுமா? தேர்வு என்பது எல்லாருக்கும் உண்டு. ஆனால் ஒருவனுக்குப் பத்துக் கதவு, இன்னொருவனுக்கு ஒன்றரைக் கதவு.

நியாயமான சட்டம் இந்த இரண்டையும் பார்க்கும். குற்றத்தை இவன்தான் செய்தான், தெரிந்தே செய்தான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். நிரூபித்த பிறகு, தண்டனைக்கு முன் அவன் வயது, குடும்ப நிலை, வளர்ந்த விதம் ஆகியவற்றை நீதிமன்றம் கேட்கும்.

பொக்கா எனப்படும் 1959ஆம் ஆண்டு குற்றத் தடுப்புச் சட்டம் இரண்டையும் கேட்பதில்லை. அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு, 2013இல் இச்சட்டம் திருத்தப்பட்டு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இதன்படி 60 நாள்வரை விசாரணைக் காவலில் வைக்கலாம். அதன்பின் ஒரு வாரியம் வழக்கே இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்குத் தடுத்து வைக்கலாம், அதை நீட்டிக்கவும் செய்யலாம். வாரியத்தின் முடிவில், நடைமுறை பின்பற்றப்பட்டதா என்பதை மட்டுமே நீதிமன்றம் ஆராய முடியும்.

பாருங்கள் வேடிக்கையை! வீடும் பள்ளியும் வேலையும் கேட்டால், “முன்னேறுவது தனிமனிதன் கையில் இருக்கிறது” என்கிறார்கள். அந்தத் தனிமனிதன் என்ன குற்றம் செய்தான், நிரூபியுங்கள் என்று கேட்டால், “சமூகத்தின் பாதுகாப்பு முக்கியம்” என்கிறார்கள். அவனே தேர்ந்தெடுத்தான் என்றால் நீதிமன்றத்தில் நிரூபிக்கட்டும். சூழ்நிலை என்றால் சூழ்நிலையை மாற்றட்டும். இரண்டும் செய்யாமல் பிள்ளைகளை அடைத்து வைப்பது ஆட்சியாளர்களின் கையாலாகாத்தனம்.

நீங்கள் என்ன செய்யலாம்? பிள்ளை கைதானால் கோபத்தில் கைகழுவி விடாதீர்கள். முதல் 24 மணி நேரம் மிக முக்கியம். அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் போலீஸ் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளும் உரிமையைத் தருகிறது. வசதியில்லாத குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் 2012 முதல் இலவசமாக வாதாடுகிறார்கள். எந்த நிலையம், எந்த நேரம், எந்தச் சட்டத்தின் கீழ் கைது என்று கேட்டு எழுதி வையுங்கள். பொக்கா என்று சொன்னால் உடனே வழக்கறிஞரைத் தேடுங்கள். நடைமுறையில் ஒரு தவறு இருந்தாலும் ஆட்கொணர்வு மனு மூலம் விடுதலை பெற வாய்ப்புண்டு.

கைதாகாத பிள்ளைகளையும் பாருங்கள். உங்கள் மாடியில் மாலை நேரத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பையனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? கோயில் மண்டபம் வாரத்தில் இரண்டு நாள் டியூஷனுக்குத் திறக்கப்படுமா? தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருபவரிடம், பொக்கா பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்டிருக்கிறோமா? அந்தப் பையனுக்கு இருக்கும் ஒன்றரைக் கதவை இரண்டாக்கும் வேலையை நாம் இன்றே தொடங்கலாம். மீதிக் கதவுகளை அரசாங்கம் திறக்க வேண்டும். திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.