கொறங்காட்டை வாங்கியவர்கள் நாம்

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் போய் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று காடு வாங்கியவர்கள் நாம். கிரயத்துக்கு முன் என்னென்ன பார்த்தோம்! வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, சர்வேயரை அழைத்து நாலு மூலைக்கும் கல். வண்டித் தடம் இருக்கிறதா, ஈபி கம்பம் எவ்வளவு தூரம், போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர்? கேட்காத கேள்வி இல்லை. அந்த மண்ணில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

வாங்கியது பெரும்பாலும் கொறங்காடு. மழை குறைந்த பூமியில் மாடும் ஆடும் மேய்வதற்கென்றே அப்பாருகள் காலத்தில் உண்டாக்கிய மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். நல்ல மழை ஒன்று விழுந்தால் தழைத்துவிடும். வெள்வேலங்காய் உதிரும்போது ஆட்டுக்கு அதுவே தீவனம். காங்கயம் மாடு வளர்ந்ததே இந்தப் புல்லில்தான். நாம் அதைப் பார்த்து ‘சும்மா கிடக்கிற காடு’ என்றோம். சுத்தம் பண்ண வேண்டும் என்று முதல் வேலையாக ஜேசிபியை வரச்சொன்னோம்.

வரச்சொன்ன நேரமும் பொல்லாத நேரம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, மழைக்கு முன் கன்று வைக்க வேண்டும். ஆகவே ஏப்ரல், மே. மஞ்சள் மூக்கு ஆள்காட்டி வெட்டவெளித் தரையில் முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான். கூடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது. ஒரு சின்னக் குழி, பக்கத்தில் கொஞ்சம் சரளை, நடுவில் பெரும்பாலும் நான்கு முட்டை. மண் நிறத்தில் புள்ளி விழுந்திருக்கும். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாது. அந்தப் பறவை தலைக்கு மேல் கத்திக்கத்திச் சுற்றியபோது பிள்ளைகளைக் கூப்பிட்டு போட்டோ எடுக்கச் சொன்னோம். எதற்குக் கத்துகிறது என்று யோசிக்க, பாவம், நமக்கு நேரமில்லை.

வேலியின் கதை இதைவிட மோசம். கிளுவை வேலி ஒரு நாளில் வருவதல்ல. போத்து நட்டு, சந்து விழுந்த இடத்தில் மறுபடி நட்டு, வருடக்கணக்கில் அடர்வது. கீரி, உடும்பு, ஓணான், குஞ்சுகளோடு கௌதாரி, எலியைத் தேடி வரும் சாரை எல்லாம் வெயிலுக்கு ஒதுங்குவது அதனடியில். “வேலிய மட்டும் உட்ருங்க சாமி” என்று அங்கே ஆடு மேய்த்த பெரியவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். இடத்தை அடைக்கிறது, பாம்பு வரும் என்று பிடுங்கிவிட்டு, கல்லுக்கால் நட்டு கம்பிவலை இழுத்தோம். நஞ்சில்லாத சாரையை அடித்துப் போட்டோம். பிறகு எலித்தொல்லை என்று மருந்து வாங்கப் போனோம். சாரையும் உடும்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் இருப்பவை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டத்தான் வாங்கினோம் என்று சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லிக்கொண்டோம். அங்கே அவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ‘புதர்ப் பக்கம் போகாதே’. பறவை பார்க்க ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்குக் கூட்டிப்போகிறோம். 2022இல் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலில் ஏறிய குளம், போக வேண்டியதுதான். ஆனால் கௌதாரிக்கும் மஞ்சள் மூக்கு ஆள்காட்டிக்கும் குளம் எதற்கு? அவற்றுக்குப் புல்லும் பொட்டலும் வேண்டும். கொறங்காடோ பெரும்பாலும் தனியார் பட்டா. வனத்துறை வந்து காவல் நிற்கப் போவதில்லை. பட்டாவில் பெயர் இருப்பவர் வைத்ததுதான் சட்டம். அந்தப் பெயர் இப்போது நம்முடையது.

ஜேசிபி ஏறாத காடுகள் இன்னும் இருக்கின்றன. அதில் ஒன்றை வாங்கியிருந்தால் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை அப்படியே விட்டுவையுங்கள். விடிகாலையில் பிள்ளைகளோடு வேலியோரம் நடந்து பாருங்கள். முன்பு அங்கே மேய்த்தவரையும் கூட அழையுங்கள். வீடு வேண்டுமென்றால் ஒரு மூலையில் கட்டிக்கொள்ளலாம். மார்ச் முதல் ஜூன் வரை மண்ணைக் கிளற வேண்டாம். வேலியை எடுக்க ஏற்கெனவே ஆள் சொல்லியிருந்தால், இன்றைக்கே போன் செய்து நிறுத்துங்கள்.